முசோலினி ரயிலில் வந்தார்: இரு உலகப் போர்களுக்கு இடையே பாசிசம் எழுந்தது பற்றிச் சில கேள்விகள்

பத்தாம் வகுப்பு வரலாற்றில் இந்தப் பாடம் உண்டு. வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை, பணவீக்கம், வேலையின்மை, முசோலினி, ஹிட்லர் என்று வரிசையாக எழுதினால் ஐந்து மதிப்பெண் கிடைத்துவிடும். உண்மையான கேள்விகள் எல்லாம் பரீட்சை முடிந்த பிறகுதான் வருகின்றன. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இத்தாலிக்கு இடம் கூடுதலாகவே கொடுத்திருக்கிறேன். ஹிட்லரைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அவர் பாடம் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் பேச்சு குறைவு.

பாசிசம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

இத்தாலிய மொழியில் 'ஃபாஷியோ' என்றால் கட்டு. விறகுக்கட்டு, கீரைக்கட்டு என்கிறோமே, அந்தக் கட்டுதான். பழைய ரோமாபுரியில் அதிகாரிகளுக்கு முன்னால் நடந்துபோகும் சேவகர்கள், பிரம்புகளைச் சேர்த்துக் கட்டி நடுவில் கோடரி செருகிய ஒரு கட்டைத் தோளில் சுமந்து செல்வார்கள். அடிக்கவும் உரிமை உண்டு, தலையை வெட்டவும் உரிமை உண்டு என்பதற்கு அது அடையாளம். முசோலினிக்கு முன்பே இத்தாலியில் இந்தச் சொல் 'சங்கம்' என்ற சாதாரண அர்த்தத்தில் புழங்கியது. சிசிலித் தீவின் விவசாயக் கூலிகள் 1890-களில் தொடங்கிய இடதுசாரிச் சங்கங்களுக்கும் இதே பெயர்தான். முசோலினி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு கோடரியைச் சேர்த்துக்கொண்டார்.

சர்வாதிகாரமும் பாசிசமும் ஒன்றுதானா?

இல்லை. தமிழில் நாம் ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருப்பதால் வரும் குழப்பம் இது. ஒருவர் கையில் ஆட்சி குவிந்தாலும் சர்வாதிகாரம் என்கிறோம். அரசு வீட்டுக்குள், பள்ளிக்குள், விளையாட்டுக்குள், சிந்தனைக்குள் எல்லாம் நுழைந்தாலும் சர்வாதிகாரம் என்கிறோம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இரண்டாவதற்குத்தான் அது சரியாகப் பொருந்தும்: சர்வ அதிகாரம், எல்லாவற்றின் மீதும் அதிகாரம். படைத் தளபதி ஒருவர் ஆட்சியைப் பிடித்து எதிரிகளைச் சிறையில் போட்டு, மற்றவர்களை அவரவர் வேலையைப் பார்க்க விட்டுவிட்டால் அது தனியாள் ஆட்சி. சர்வ அதிகார அரசுக்கு மக்கள் சும்மா இருப்பது போதாது. கை தட்ட வேண்டும், சீருடை போட வேண்டும், பிள்ளைகளை அணிவகுப்புக்கு அனுப்ப வேண்டும்.

இந்த இரண்டாவது கருத்துக்கு ஐரோப்பாவில் பெயர் வைத்தவர் ஒரு பாசிஸ்ட் அல்லர். ஜொவான்னி அமெந்தோலா என்ற தாராளவாத அரசியல்வாதி, பத்திரிகையாளர். 1923-ல் பாசிஸ்டுகளின் போக்கைக் கண்டித்து எழுதும்போது 'தொத்தலித்தாரியோ' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். வசையாகச் சொன்னது. முசோலினி 1925-ல் அதையே பெருமையாக எடுத்து அணிந்துகொண்டார். அதே ஆண்டு ஜூலையில் முசோலினியின் அடியாட்படையான கறுப்புச் சட்டையினர் அமெந்தோலாவை வழிமறித்து அடித்தார்கள். அவர் அந்த அடியிலிருந்து மீளவே இல்லை; 1926 ஏப்ரலில் பிரான்சில் இறந்தார்.

முசோலினிக்குத் தொடக்கத்திலேயே மக்கள் ஆதரவு இருந்ததா?

சுத்தமாக இல்லை. 1919 மார்ச் 23 அன்று மிலான் நகரின் சான் செபோல்க்ரோ சதுக்கத்தில் இயக்கத்தைத் தொடங்கினார். முன்னாள் சோஷலிஸ்ட், முன்னாள் சிப்பாய், பத்திரிகை ஆசிரியர். அந்த நவம்பரில் நடந்த தேர்தலில் மிலானில் அவருடைய பட்டியலுக்கு விழுந்த ஓட்டு 5,000-க்கும் குறைவு. ஓட்டுப் போட்டவர்களோ ஏறத்தாழ 2,70,000 பேர். புகழ்பெற்ற இசை நடத்துநர் தொஸ்கனீனி அந்தப் பட்டியலில் நின்றும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. (தொஸ்கனீனி பிறகு பாசிசத்தின் கடும் எதிரியாகி நாட்டை விட்டே போனார்.) சோஷலிஸ்டுகள் முசோலினிக்கு ஒரு சவப்பெட்டி தயார் செய்து, மெழுகுவத்தியோடு ஊர்வலம் நடத்தி, அவர் வீட்டைக் கடந்து போனார்கள். கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

பிறகு மூன்றே ஆண்டுகளில் எப்படிப் பிரதமரானார்?

பதில் மிலானில் இல்லை. போ ஆற்றுச் சமவெளியின் வயல்களில் இருக்கிறது.

போருக்குப் பிறகு அந்தப் பகுதியில் நிலமற்ற கூலித் தொழிலாளர்களின் சங்கங்கள் மிகவும் பலம் பெற்றிருந்தன. யாரை வேலைக்கு எடுப்பது, எத்தனை பேரை எடுப்பது என்பதைச் சங்கம் முடிவு செய்தது. 1919 தேர்தலில் சோஷலிஸ்டுகள் 156 இடம் பெற்று நாடாளுமன்றத்தின் பெரிய கட்சியானார்கள். 1920 செப்டம்பரில் வடக்கே ஆலைத் தொழிலாளர்கள் தொழிற்சாலைகளையே கைப்பற்றி உள்ளே உட்கார்ந்துகொண்டார்கள். கிழட்டு நரி என்று சொல்லத்தக்க பிரதமர் ஜியோலித்தி படையை அனுப்பவில்லை, காத்திருந்தார், போராட்டம் தானாக ஓய்ந்தது. ஆனால் பண்ணையாருக்கும் ஆலை முதலாளிக்கும் ஏற்பட்ட பயம் ஓயவில்லை. அரசு நம்மைக் காப்பாற்றாது என்று முடிவு கட்டினார்கள். காப்பாற்ற முன்வந்தவர்கள் கறுப்புச் சட்டைக்காரர்கள். (தமிழ்நாட்டுக் கறுப்புச் சட்டையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 1940-களில் முற்றிலும் வேறு காரணத்துக்காக வந்தது.)

அவர்கள் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். இரவு நேரம். பக்கத்து ஊரிலிருந்து லாரிகளில் முப்பது, நாற்பது இளைஞர்கள் வந்து இறங்குவார்கள். முன்னாள் சிப்பாய்கள், மாணவர்கள், பண்ணையார் வீட்டுப் பிள்ளைகள். கையில் தடி, சிலரிடம் துப்பாக்கி. முதலில் தொழிலாளர் சங்கக் கட்டடம்: நாற்காலி, மேசை, கணக்குப் புத்தகம் எல்லாம் தெருவுக்கு வரும், தீ வைக்கப்படும். அடுத்து சங்கச் செயலாளரின் வீடு. அவரை வெளியே இழுத்து வந்து, மனைவி மக்கள் பார்க்க, வாயைப் பிளந்து விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். நாம் சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி குடித்தோமே, அதே விளக்கெண்ணெய்தான்; அங்கே புட்டிக் கணக்கில். உயிர் பிழைத்தாலும், ஊருக்கு முன்னால் நடந்த அந்த அவமானத்துக்குப் பிறகு அவர் மறுபடி மேடை ஏறுவாரா? கொலையைவிட இது மலிவானது, பலன் அதிகம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொலைகளும் நடந்தன. ஃபெராராவில் இத்தாலோ பால்போ, கிரெமோனாவில் ஃபரினாச்சி என்று ஊருக்கு ஒரு தளபதி உருவானார்கள்.

போலீஸ் என்ன செய்தது?

பல ஊர்களில் வேறு பக்கம் பார்த்தது. சில ஊர்களில் லாரியும் ஆயுதமும் கொடுத்து உதவியது. கைதானவர்கள் பெரும்பாலும் அடி வாங்கியவர்கள்.

இதற்கெல்லாம் மேலே ஜியோலித்தி ஒரு காரியம் செய்தார். 1921 மே தேர்தலில் சோஷலிஸ்டுகளை மட்டம் தட்டுவதற்காகப் பாசிஸ்டுகளைத் தன் கூட்டணியில் சேர்த்துக்கொண்டார். நாடாளுமன்றத்துக்குள் வந்தால் அடங்கிவிடுவார்கள் என்பது கணக்கு. தனியே நின்று பூஜ்யம் வாங்கிய கட்சிக்கு 35 இடம் கிடைத்தது. அதைவிடப் பெரிதாகக் கிடைத்தது மரியாதை. நேற்றுவரை ரவுடிகளாக இருந்தவர்கள் இன்று பிரதமரின் கூட்டாளிகள்.

ரோம் நகரைப் படையெடுத்துப் பிடித்தார்கள் என்கிறார்களே?

அது பின்னால் அவர்களே கட்டிய கதை. 1922 அக்டோபர் 27, 28-ல் கறுப்புச் சட்டையினர் ரோமைச் சுற்றிய ஊர்களில் கூடினார்கள். 25,000 முதல் 30,000 பேர் இருக்கலாம். பலரிடம் சரியான ஆயுதம் இல்லை, சாப்பாடு இல்லை, மழை வேறு கொட்டியது. ராணுவம் ரயில் பாதைகளை மறித்ததும் பெரும்பாலானவர்கள் வந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். ரோமுக்குள் ஏறத்தாழ 28,000 பேர் கொண்ட முறையான ராணுவம் காத்திருந்தது.

பிரதமர் ஃபாக்தா ராணுவச் சட்ட ஆணையைத் தயார் செய்தார். ஊர் ஊராகத் தந்தியும் போய்விட்டது. கையெழுத்து மட்டும் பாக்கி. 28-ஆம் தேதி காலை அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேலிடம் போனார். அரசர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். உள்நாட்டுப் போர் வெடிக்கும் என்ற பயம், ராணுவம் சுடுமா என்ற சந்தேகம், தன் உறவினரான ஆவோஸ்தா கோமகன் அரியணைக்கு ஆசைப்படுகிறாரோ என்ற உறுத்தல் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எந்தக் காரணமாக இருந்தாலும், இந்த மொத்த வரலாற்றில் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது போடப்படாத அந்தக் கையெழுத்துதான்.

படையெடுப்பின் தலைவர் அப்போது எங்கே இருந்தார்? மிலானில், தன் பத்திரிகை அலுவலகத்தில். சுவிட்சர்லாந்து எல்லை அங்கிருந்து கூப்பிடு தூரம். அரசரிடமிருந்து அழைப்பு வந்த பிறகுதான் கிளம்பினார். குதிரையில் அல்ல, இரவு ரயிலின் படுக்கை வசதிப் பெட்டியில். 30-ஆம் தேதி காலை ரோமில் இறங்கி, அன்றே பிரதமரானார். வயது 39. கறுப்புச் சட்டைகள் நகருக்குள் அணிவகுத்தது அதற்குப் பிறகு, அனுமதியோடு.

அவர் காலத்தில் ரயில்கள் சரியான நேரத்துக்கு ஓடின என்பது உண்மையா?

வெளிநாட்டுப் பயணிகள் ஏறும் பெரிய வண்டிகள் ஓரளவு நேரத்துக்கு ஓடின. உள்ளூர் வண்டிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. போரில் சிதைந்த ரயில்வேயைச் சீர்படுத்தும் வேலை அவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பெயர் மட்டும் அவருக்குப் போயிற்று. ரயில் தாமதம் என்று எழுதப் பத்திரிகைக்குத் துணிவு இல்லாத நாட்டில் எல்லா ரயிலும் நேரத்துக்கு வந்தது போலத்தான் தோன்றும்.

பிரதமரானதும் ஜனநாயகம் முடிந்துவிட்டதா?

இல்லை, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. முதல் அமைச்சரவையில் முசோலினியைத் தவிர பாசிஸ்ட் அமைச்சர்கள் மூன்று பேர் மட்டுமே. மற்றவர்கள் தாராளவாதிகள், கத்தோலிக்கக் கட்சியினர், ராணுவத் தளபதிகள். நம்பிக்கை கோரி நாடாளுமன்றத்துக்கு வந்தவர், இந்த மண்டபத்தை என் படையினர் தங்கும் கொட்டகையாக ஆக்கியிருக்க முடியும், பெருந்தன்மையால் செய்யவில்லை என்ற தொனியில் பேசினார். அப்படி முகத்தில் துப்பியவருக்கு அதே மண்டபம் 306 ஓட்டுப் போட்டது, எதிராக 116. சபையில் அவர் கட்சிக்கு இருந்ததோ 35 பேர்.

1923-ல் தேர்தல் சட்டத்தை மாற்றினார்கள். முதலிடம் பெறும் பட்டியல் 25 சதவீத ஓட்டு வாங்கினாலே மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் அதற்கே. 1924 ஏப்ரல் தேர்தலில் மிரட்டல், அடிதடி, ஓட்டுப் பெட்டித் திருட்டு எல்லாவற்றோடும் 535-ல் 374 இடம் அரசுத் தரப்புக்குப் போனது.

அப்போது ஜாக்கமோ மத்தெயோத்தி எழுந்தார். வசதியான குடும்பத்தில் பிறந்து கூலி விவசாயிகளுக்காக நின்ற சோஷலிஸ்ட், 39 வயது. மே 30 அன்று சபையில் தேர்தல் முறைகேடுகளை ஊர் ஊராக எடுத்து வைத்தார்; தேர்தலையே செல்லாததாக்க வேண்டும் என்றார். கூச்சலுக்கும் மேசைத் தட்டலுக்கும் நடுவே பேசி முடித்து உட்கார்ந்தவர், என் உரையை முடித்துவிட்டேன், இனி என் இரங்கல் உரையை நீங்கள் தயார் செய்யுங்கள் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னதாகச் சொல்வார்கள். ஜூன் 10 மாலை, திபேர் ஆற்றங்கரைச் சாலையில் நடந்துபோனவரை ஐந்து பேர் ஒரு லான்சியா காருக்குள் இழுத்துப் போட்டார்கள். ரோமுக்கு வெளியே ஒரு காட்டில் ஆகஸ்ட் 16 அன்று உடல் கிடைத்தது.

நாடு கொதித்தது. கட்சி அட்டையைக் கிழித்துப் போட்டவர்கள் உண்டு. முசோலினியின் ஆட்சி உண்மையாகவே ஆடியது அந்த ஆறு மாதங்களில்தான். எதிர்க்கட்சிகள் என்ன செய்தன? சபையை விட்டு வெளியேறி, அரசர் நடவடிக்கை எடுப்பார் என்று காத்திருந்தன. அரசர் வாயைத் திறக்கவில்லை. 1925 ஜனவரி 3 அன்று முசோலினி சபையில் நின்று, நடந்த அனைத்துக்கும் நானே பொறுப்பு என்று அறிவித்தார். யாரும் கைது செய்யவில்லை. அதன் பிறகு அவருக்குத் தயக்கம் எதற்கு? 1926 நவம்பருக்குள் மற்றக் கட்சிகள் கலைக்கப்பட்டன, எதிர்ப் பத்திரிகைகள் மூடப்பட்டன, தனி நீதிமன்றம் வந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் அந்தோனியோ கிராம்ஷி நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும்போதே கைதானார். ரயில் ஏறி ரோமுக்கு வந்ததற்கும் இதற்கும் இடையே நான்கு ஆண்டுகள். திரும்பிப் போக வழி இருந்த நான்கு ஆண்டுகள்.

பிறகும் தேர்தல் நடந்ததே, மக்கள் 98 சதவீதம் ஆதரித்தார்களே?

1929 வாக்கெடுப்பைச் சொல்கிறீர்கள். கட்சி தயாரித்த ஒரே பட்டியல். வேண்டும், வேண்டாம் என்று மட்டும் சொல்லலாம். வாக்காளர் கையில் இரண்டு சீட்டுகள் கொடுப்பார்கள். 'வேண்டும்' சீட்டில் தேசியக் கொடியின் மூன்று வண்ணம். 'வேண்டாம்' சீட்டு வெறும் வெள்ளை. ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் கறுப்புச் சட்டைக்காரராக இருந்தால், வண்ணச் சீட்டை நீட்டும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? அப்படியும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் 'வேண்டாம்' என்று போட்டார்கள்.

ஆனாலும் ஆதரவு முழுக்கப் பயத்தால் வந்தது என்று சொன்னால் அது பொய். அதே ஆண்டு பிப்ரவரியில் போப்பாண்டவருடன் லாத்தரன் உடன்படிக்கை கையெழுத்தாகி, அரசுக்கும் திருச்சபைக்கும் இடையே அறுபது ஆண்டாக இருந்த பகை தீர்ந்திருந்தது. கத்தோலிக்க நாட்டில் அது சாதாரண விஷயம் அல்ல. 1931-ல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றபோது, சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் ஒரு டஜன் அளவுதான். அவர்களுக்கு யாரும் விளக்கெண்ணெய் ஊற்றவில்லை. சம்பளம் போய்விடும், அவ்வளவுதான்.

ஜெர்மனியின் பணவீக்கம்தானே ஹிட்லரைக் கொண்டுவந்தது?

பரீட்சையில் எழுதப்படும் பதில் இது. ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் பொருந்தாது. பணவீக்கம் உச்சத்தைத் தொட்டது 1923 நவம்பரில். ஒரு டாலருக்கு 4,20,000 கோடி மார்க். அந்த மாதம் மியூனிக்கில் ஹிட்லர் நடத்திய கலகம் ஒரே நாளில் பிசுபிசுத்தது. நாணயம் சீரான பின், 1928 தேர்தலில் நாஜிகளுக்குக் கிடைத்தது 2.6 சதவீதம், 12 இடம். உலகப் பொருளாதார மந்தத்துக்குப் பிறகு 1930 செப்டம்பரில் 107 இடம். 1932 ஜூலையில் 230. இடையில் வேலையில்லாதோர் 60 லட்சத்தைத் தொட்டிருந்தார்கள்.

மந்தம் மட்டும் காரணம் என்றால் அமெரிக்காவில் ஏன் பாசிசம் வரவில்லை? அங்கேயும் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. ஜெர்மனியில் நடந்த கூடுதல் விஷயம், நாடாளுமன்றம் ஏற்கெனவே ஓரங்கட்டப்பட்டிருந்தது. அரசியல் சட்டத்தின் 48-ஆவது பிரிவு, நெருக்கடியில் குடியரசுத் தலைவர் அவசர ஆணை பிறப்பிக்க வழி செய்தது. 1930 முதல் பிரதமர் ப்ரூனிங் அந்த ஆணைகளாலேயே சம்பளத்தை வெட்டினார், வேலையில்லாதோர் உதவித்தொகையை வெட்டினார். 1932-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் 5. அவசர ஆணைகள் 66. ஹிட்லர் பூட்டை உடைக்கவில்லை. பூட்டு ஏற்கெனவே கழன்று தொங்கியது.

அப்படியானால் ஹிட்லர் தேர்தலில் வென்று வந்தாரா இல்லையா?

பெரிய கட்சியாக வென்றார், பெரும்பான்மையாக வெல்லவில்லை. 1932 நவம்பரில் அவர் கட்சி ஓட்டும் குறைந்தது. 230 இடம் 196 ஆனது. கட்சி நிதி வறண்டது. சரிவு தொடங்கிவிட்டது என்று பலர் எழுதினார்கள். அந்த நேரத்தில் கைகொடுத்துத் தூக்கியவர் முன்னாள் பிரதமர் ஃபிரான்ஸ் ஃபான் பாப்பன். தன்னைத் தள்ளிவிட்டுப் பிரதமரான தளபதி ஷ்லைஷரைப் பழிவாங்கத் துடித்துக்கொண்டிருந்தார். ஹிட்லரைப் பிரதமராக்கி, தான் துணைப் பிரதமராக இருந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று எண்பத்தைந்து வயதுக் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கைச் சம்மதிக்க வைத்தார். 1933 ஜனவரி 30 அமைச்சரவையில் நாஜிகள் மூன்றே பேர்: ஹிட்லர், ஃப்ரிக், கோரிங். இத்தாலியின் அதே கணக்கு, அதே நம்பிக்கை. ஆனால் உள்துறை ஃப்ரிக்கிடம், நாட்டின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் போலீஸ் கோரிங்கிடம். பாப்பன் நாற்காலிகளை எண்ணினார். ஹிட்லர் சாவிகளை எண்ணினார்.

பிறகு எல்லாம் 52 நாட்களில் முடிந்தது. பிப்ரவரி 27 நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாள் ஒரே ஆணையில் பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, தபால் அந்தரங்கம் எல்லாம் நிறுத்தப்பட்டன. மார்ச் 5 தேர்தலில், இவ்வளவுக்குப் பிறகும், 43.9 சதவீதம்தான் கிடைத்தது. மார்ச் 22 அன்று டாகாவ் வதை முகாம் திறந்தது. 23-ஆம் தேதி, ஓர் இசை நாடக அரங்கில், சுவரோரமாகச் சீருடைப் படையினர் வரிசையாக நிற்க, நாடாளுமன்றம் தன் சட்டமியற்றும் அதிகாரத்தை அரசுக்கு எழுதிக் கொடுத்தது: 444-க்கு 94. எதிர்த்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர் மட்டும். கம்யூனிஸ்டுகள் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள். சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து, எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் நீங்கள் பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது என்றார். அந்தச் சபையில் சுதந்திரமாகப் பேசப்பட்ட கடைசிப் பேச்சு அது.

சமூக ஜனநாயகவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்திருந்தால்?

1932 நவம்பரில் இருவருக்கும் சேர்த்து 221 இடம், நாஜிகளைவிட 25 கூடுதல். ஆனால் இருவருக்கும் நடுவே ரத்தம் இருந்தது. 1919-ல் கம்யூனிஸ்ட் தலைவர் ரோசா லக்சம்பர்க் கொல்லப்பட்டது சமூக ஜனநாயக அரசு ஏவிய படையினர் கையால். போதாததற்கு, உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளை மாஸ்கோவிலிருந்து வழிநடத்திய கம்யூனிஸ்ட் அகிலம் 1928 முதல் சமூக ஜனநாயகவாதிகளையே 'சமூகப் பாசிஸ்டுகள்' என்று அழைக்கச் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரனோடு வரப்புத் தகராறில் இருந்தபோது வெள்ளம் வந்துவிட்டது. 1935-ல் மாஸ்கோ தன் கொள்கையை மாற்றியது. அப்போது ஜெர்மனியில் மாற்றிக்கொள்ளக் கட்சியே இல்லை.

நாஜிக் கட்சியின் பெயரில் 'சோஷலிஸ்ட்' இருக்கிறதே?

இருக்கிறது. 1933 மே 2 அன்று தொழிற்சங்கங்களைக் கலைத்து, தலைவர்களை உள்ளே தள்ளிய கட்சி அது. பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

ஸ்டாலினையும் இதே பட்டியலில் வைக்கலாமா?

சர்வ அதிகார அரசு என்ற பட்டியலில் தாராளமாக வைக்கலாம். 1932-33 பஞ்சத்தில் உக்ரைன், கஜகஸ்தான் உள்ளிட்ட பகுதிகளில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். கிராமத்தில் பட்டினி கிடக்கும்போது தானியம் வண்டியேறிப் போயிற்று. 1937-38-ல் மட்டும் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 6,80,000 பேர் என்று சோவியத் ஆவணங்களே சொல்கின்றன. பாசிசம் என்ற பட்டியலில் வைக்க மாட்டேன். வந்த வழி வேறு. முசோலினிக்கும் ஹிட்லருக்கும் பழைய ஆளும் வர்க்கம் கதவைத் திறந்தது. நிலமும் ஆலையும் உடையவர்கள் உடையவர்களாகவே இருந்தார்கள். ரஷ்யாவில் பழைய ஆளும் வர்க்கமே இல்லாமல் போய்விட்டது. ஸ்டாலின் பிடித்தது ஏற்கெனவே ஒரு கட்சி ஆட்சியாக இருந்த அரசை, அதுவும் கட்சிப் பொதுச் செயலாளர் என்ற அலுவலக நாற்காலியிலிருந்து. செத்தவர்களுக்கு இந்த வேறுபாடு எந்த ஆறுதலும் தராது என்பதும் தெரியும்.

மற்ற நாடுகள்?

நீண்ட வரிசை. போலந்தில் பில்சுட்ஸ்கி 1926, அதே ஆண்டு போர்ச்சுகலில் ராணுவக் கலகம், பின்னர் சலசார். 1933-ல் ஆஸ்திரியாவில் டோல்ஃபுஸ், 1936-ல் கிரீஸில் மெத்தக்சாஸ். ஸ்பெயினில் ஃபிராங்கோ மூன்றாண்டு உள்நாட்டுப் போர் நடத்தித்தான் வந்தார். இவர்களில் பலர் பழைய பாணித் தனியாட்சியாளர்கள். பாசிசத்தின் சீருடையையும் சல்யூட்டையும் மட்டும் கடன் வாங்கினார்கள். கிழக்கு ஐரோப்பாவில் 1938 வரை ஜனநாயகமாகத் தாக்குப்பிடித்தது செக்கோஸ்லோவாக்கியா மட்டும்தான் என்றே சொல்லலாம்.

எங்காவது தடுத்து நிறுத்தினார்களா?

நிறுத்தினார்கள். அந்தக் கதைகள்தான் பாடப்புத்தகத்தில் வருவதில்லை.

பின்லாந்தில் லாப்புவா இயக்கம் என்று ஒன்று இருந்தது. கம்யூனிஸ்டுகளைக் கடத்திக் கொண்டுபோய் ரஷ்ய எல்லைக்கு அப்பால் தள்ளும் பழக்கம் உள்ள இயக்கம். 1932 பிப்ரவரி இறுதியில், மான்ட்ஸாலா என்ற ஊரில் ஒரு சமூக ஜனநாயகக் கூட்டத்தைத் துப்பாக்கியோடு கலைத்தவர்கள், கலைந்து போகாமல் அங்கேயே முகாமிட்டு, அரசு விலக வேண்டும் என்றார்கள். குடியரசுத் தலைவர் ஸ்வின்ஹுவுட் பழுத்த வலதுசாரி. அந்த இயக்கத்தின் ஆதரவும் அவர் பதவிக்கு வர உதவியிருந்தது. இத்தாலி அரசரைவிட அவருக்குச் சாக்குகள் அதிகம் இருந்தன. மார்ச் 2 அன்று அவர் வானொலியில் பேசினார்: வீட்டுக்குப் போங்கள், போகிற சாதாரண ஆட்களைத் தண்டிக்க மாட்டோம், தலைவர்கள் பதில் சொல்ல வேண்டும். சில நாட்களில் எல்லாரும் கலைந்தார்கள், ரத்தம் சிந்தவில்லை. இயக்கம் தடை செய்யப்பட்டது, கம்யூனிஸ்டுகளை ஒடுக்குவதற்காக அந்த இயக்கமே வற்புறுத்திக் கொண்டுவந்த சட்டத்தைக் கொண்டு.

பெல்ஜியத்தில் லெயோன் டெக்ரெல் என்ற இளைஞரின் ரெக்ஸ் கட்சி 1936-ல் 21 இடம் வாங்கியது. மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸில் வேண்டுமென்றே ஓர் இடைத்தேர்தலை வரவழைத்து, தானே நின்றார். அவரை எதிர்த்துப் பிரதமர் ஃபான் சேலாந்தே நின்றார். கத்தோலிக்கர், தாராளவாதி, சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் என்று அத்தனை பேரும் வேறு வேட்பாளர் நிறுத்தவில்லை. திருச்சபைத் தலைவரும் கடைசி நேரத்தில் டெக்ரெலைக் கண்டித்தார். சுமார் 76-க்கு 19 என்ற சதவீதத்தில் டெக்ரெல் தோற்றார்.

அந்தக் காலத்து இந்தியத் தலைவர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்?

ஒரே மாதிரிப் பார்க்கவில்லை. தாகூர் 1926-ல் முசோலினியின் விருந்தினராக இத்தாலி போனார். உபசாரத்தில் மயங்கி நல்ல வார்த்தையும் சொல்லிவிட்டார். சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலந்தும் நாடு கடந்து வந்த இத்தாலியர்களும் நடப்பதை எடுத்துச் சொன்ன பிறகு, பாசிசத்தைக் கண்டித்து ஆங்கிலப் பத்திரிகைக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். காந்தி 1931 டிசம்பரில் ரோமில் முசோலினியைச் சந்தித்தார். சுபாஷ் சந்திர போஸும் சந்தித்தார். கம்யூனிசமும் பாசிசமும் கலந்த ஒன்று இந்தியாவுக்கு ஏற்கும் என்று 1935-ல் கருதியவர், பிறகு அந்தக் கருத்தைத் திருத்திக்கொண்டார். பெரியார் 1932-ல் சோவியத் யூனியனைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜெர்மனிக்கும் போனார். அவரைக் கவர்ந்தது மாஸ்கோ. ஊர் திரும்பி சிங்காரவேலருடன் சேர்ந்து ஈரோட்டுத் திட்டம் என்ற சமதர்மத் திட்டத்தை வகுத்தார். நேரு 1936-ல், மனைவி கமலா இறந்த சில நாட்களில், ரோம் வழியாக விமானத்தில் திரும்பியபோது முசோலினியின் அழைப்பு வந்தது. இத்தாலியப் படை எத்தியோப்பியாவில் இருந்த நேரம். அதிகாரிகள் எவ்வளவோ வற்புறுத்தியும் அவர் போகவில்லை.

கதவைத் திறந்துவிட்டவர்கள் என்ன ஆனார்கள்?

ராணுவச் சட்ட ஆணையோடு போன ஃபாக்தாவை முசோலினி 1924-ல் செனட்டர் ஆக்கினார். ஜியோலித்தி தாமதமாக விழித்துக்கொண்டு, 1928-ல் சபையில் எதிர்த்து ஓட்டுப் போட்டுவிட்டு, அந்த ஆண்டே இறந்தார். ஷ்லைஷரை 1934 ஜூன் 30 அன்று வீட்டுக்குள்ளேயே சுட்டார்கள், கூடவே அவர் மனைவியையும். அதே நாளில் பாப்பனின் நெருங்கிய உதவியாளர்கள் கொல்லப்பட்டார்கள். சில வாரங்களில் பாப்பன் ஹிட்லரின் தூதராக வியன்னாவுக்குப் போனார். நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் விடுதலையாகி, 1969-ல் தன் 89-ஆவது வயதில் இறந்தார்.

அரசர் விக்டர் இம்மானுவேல் 21 ஆண்டுகள் காத்திருந்தார். 1943 ஜூலை 25, நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கிய பின், தன் மாளிகைக்கு வந்த முசோலினியிடம் நீங்கள் இனி பிரதமர் அல்ல என்று சொன்னார். சந்திப்பு அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. முசோலினி வெளியே வந்து தன் காரைத் தேடினார். போலீஸ் கேப்டன் ஒருவர் அவரைப் பக்கத்தில் நின்ற ஆம்புலன்ஸில் ஏறச் சொன்னார்.